தபால் வழி வந்த மோட்டார் பக்கி



புதிய பொருளொன்று வந்து நின்றால் மனிதர் பழைய சொல்லைக் கொண்டே அதற்குப் பெயரிடுவர். மோட்டார் வாகனம் முதன்முதலில் தெருவில் ஓடியபோது அமெரிக்கர் அதனைக் ‘குதிரையில்லா வண்டி’ என்றனர். வண்டியில் இல்லாத குதிரை பெயரில் இருந்தது. புதுமை மீதிருந்த ஆசையும் பழமையைப் பிரிய அஞ்சிய மனமும் அப்பெயரில் ஒருங்கே ஒலிக்கின்றன. அவ்விரண்டையும் நன்கறிந்து விற்பனைக்கு வந்த ஒரு வண்டியின் கதையை இன்று பார்ப்போம்.

சிக்காகோ நகரின் சியர்ஸ் ரோபக் கம்பனி தபால் மூலம் வணிகம் செய்து வளர்ந்தது. அதன் விலைப்பட்டியல் ஒரு தடித்த நூல். கடிகாரம் முதல் தையல் இயந்திரம் வரை அதில் இருந்தன. 1896ஆம் ஆண்டில் தபாலைக் கிராமத்து வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் சேவையை அமெரிக்க அரசு தொடங்கியபின், அந்நூல் தூரத்துப் பண்ணைகளையும் எட்டியது. முகமறியாத வணிகனுக்குப் பணம் அனுப்புவது எளிதா? பொருள் பிடிக்காவிட்டால் பணம் திரும்பும் என்ற வாக்குறுதியே அந்த வணிகத்தின் அத்திவாரம்.

இந்தக் கம்பனி 1908இல் மோட்டார் பக்கி ஒன்றையும் பட்டியலில் சேர்த்தது. அதனை வடிவமைத்தவர் அல்வாரோ குரொட்ஸ். தொடக்க விலை 395 டொலர். பக்கி என்பது குதிரை இழுக்கும் இலேசான வண்டி. குரொட்ஸின் வண்டியும் பார்வைக்கு அதுவே. உயர்ந்த மெல்லிய சக்கரங்கள். பெரும்பாலானவற்றில் திண்ம றப்பர் ரயர்கள். திசை திருப்ப வளையமில்லை, படகின் சுக்கான் போன்ற ஒரு பிடியே இருந்தது. இரண்டு சிலிண்டர் எஞ்சின் காற்றினாலேயே குளிர்ந்தது. ஆகையால் பனிக்காலத்தில் நீர் உறைந்துவிடும் என்ற கவலை இல்லை. வேகம் மணிக்கு சுமார் 25 மைல்.

வேகத்தை மாற்றப் பற்சக்கரங்களும் இல்லை. எஞ்சின் சுழற்றும் தட்டையான தட்டொன்றின் முகத்தில் இன்னொரு சக்கரம் உரசி உருளும். அச்சக்கரம் தட்டின் மையத்தை அண்டினால் வண்டி மெல்லச் செல்லும். விளிம்பை நோக்கி நகர்ந்தால் விரையும். மையத்தைக் கடந்து மறுபுறம் சென்றால் பின்னோக்கி ஓடும். பெற்றோல் எஞ்சினை முன்பின் கண்டிராத உழவனும் விளங்கிக்கொள்ளக்கூடிய பொறிமுறை இது.

பெட்டியில் அடைக்கப்பட்ட வண்டி புகையிரதத்தில் வரும். வாங்கியவர் நிலையத்துக்குச் சென்று பெட்டியைப் பிரித்து, சக்கரங்களைப் பூட்டி, எண்ணெயும் பெற்றோலும் ஊற்றி வீட்டுக்கு ஓட்டிச் செல்லவேண்டும். சேறும் வண்டித்தடமும் நிறைந்த கிராமப் பாதைக்கு அந்த உயரச் சக்கரங்கள் பொருந்தின. பட்டணத்துச் செல்வருக்கென்றிருந்த மோட்டார் வாகனம் கிராமத்தானின் கைக்கு எட்டியது சிறிய செய்தியா?

ஆயினும் 1912இல் அதன் விற்பனை நின்றது. அதுவரை உருவானவை சுமார் 3,500 வண்டிகளே. விற்ற விலை ஆக்கச் செலவுக்கே போதவில்லை என்பர். அதைவிட ஆழமான காரணமும் உண்டு. 1908 ஒக்டோபரில் ஹென்றி போர்ட்டின் ‘மொடல் ரி’ வெளிவந்திருந்தது. அப்போது அதன் விலை 850 டொலர். சியர்ஸ் வண்டியின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் போர்ட்டின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 1925இல் அதன் மலிவான வகை 260 டொலருக்குக் கிடைத்தது. 1927இல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி கார்கள் உருவாகியிருந்தன.

போர்ட்டும் கிராமப் பாதையை மறக்கவில்லை. அவரது காரும் தரையிலிருந்து உயர்ந்தே நின்றது. பள்ளம் மேடுகளைத் தாங்கியது. ஆனால் அவர் உழவனின் தேவையை எடுத்துக்கொண்டு பக்கியின் உருவத்தை விட்டுவிட்டார். சியர்ஸ் வண்டியோ தேவையோடு உருவத்தையும் சேர்த்துச் சுமந்தது. மக்களுக்குப் பழகிய உருவம் புதுமையை வாசல்வரை அழைத்துவரும். அதற்குமேல் புதுமை தன் சொந்தக் காலில்தான் நடக்கவேண்டும். புதுக்கருத்தைப் பழைய யாப்பில் பாட முயன்ற எவருக்கும் இந்த உண்மை புரியும்.

தோற்றுப்போன அந்த வண்டியை இன்று ஆர்வலர் தேடித் தேடிச் சேகரிக்கின்றனர். 1916க்கு முற்பட்ட வாகனங்களைப் பேணுவோர் 1937இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு கழகம் அமைத்தனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயரிலும் அந்தக் ‘குதிரையில்லா வண்டி’யே இருக்கிறது. சியர்ஸின் பெரிய விலைப்பட்டியல் 1993இல் நின்றது. 2018இல் கம்பனியே கடன் தாளாமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஆனால் துருப்பிடித்த பக்கி ஒன்றைப் புதுப்பிக்க முனைபவர், எந்த விளக்கு, எந்தக் கூரை என்று அறிய அந்தப் பழைய பட்டியலைத்தான் புரட்டவேண்டியிருக்கிறது. வணிகத்துக்காக எழுதிய நூல் வரலாற்றுக்குச் சான்றாகிவிட்டது. எழுத்துக்கு உள்ள ஆயுள் இரும்புக்கும் இல்லைப் போலும்!