கோட்டி பிடிச்சவன்

ஒரு நோய்க்கு மருத்துவர் பெயர் வைக்கும் முன்பே ரசிகர்கள் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால், அதுவரை அந்த நோய் வேடிக்கையாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். 1928-இல் அமெரிக்காவின் நியூவார்க்கில் ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் ‘பஞ்ச் டிரங்க்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். கடிகார முகப்பில் ரேடியம் பூசிய பெண்கள் எதனால் செத்தார்கள் என்று ஆராய்ந்தாரே, அதே ஆள். குத்து வாங்கி வாங்கியே குடித்தவனைப் போல ஆனவன் என்பது தலைப்பின் பொருள். சொல் அவருடையது இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு சண்டை பார்க்க வந்தவர்களுடையது. கால் பின்னுகிறவன், நாக்கு குழறுகிறவன் மேடையேறினால் அப்படித்தான் கேலி பேசுவார்கள். அந்தக் கேலிக்குள் ஒரு மூளைக் காயம் இருக்கிறது என்று மார்ட்லேண்ட் சொன்னார்.

எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சொல்தான். கோட்டி. குத்துச்சண்டை இங்கே பெரிதாகக் கிடையாது, கபடி உண்டு. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் டியூப்லைட் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். பிடிக்கப் போகிறவன் தலை ரெய்டு வந்தவன் முழங்காலில் மோதும், தரையில் இடிக்கும். உடனே ஒருத்தர் தண்ணீர் பாட்டிலோடு ஓடுவார். “முகத்துல அடி. ஒண்ணும் இல்லடா, எந்திரி.” எழுந்து ஆடுகிறவனுக்குத்தான் கைதட்டல். அப்படிக் கைதட்டல் வாங்கிய ஒரு அண்ணாச்சியை எனக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டும் முன்பே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், காரணமில்லாமல் கோபப்படுவார். ஊர் சொன்னது: “குடிச்சுக் கெட்டாம்ப்பா.” அவர் குடிக்கவே மாட்டார் என்பது வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும். அவருக்கு இருந்தது இந்த நோய்தானா? சொல்ல முடியாது. இன்றைக்கும் இறந்தபின் மூளையைப் பிரித்துப் பார்த்துத்தான் இதை உறுதி செய்கிறார்கள்.

வடசென்னைக்கு வருவோம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக ஆங்கிலக் குத்துச்சண்டை வளர்ந்த இடம். 2021-இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்ததும் நாமெல்லாம் அந்த வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தோம். படத்தில் கபிலனின் சரிவு சாராயத்தின் வழியாக வருகிறது. தலையில் வாங்கிய குத்துகளின் கணக்கை நாமும் கேட்கவில்லை.

அந்த வடசென்னைக்குப் பக்கத்திலேயே, நேரு ஸ்டேடியத்தில், 1980-இல் முகமது அலி வந்து நின்றார். ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கூட்டத்துக்கு அது திருவிழா. அதே வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்டு அடித்தார். பதினோராவதுக்கு அலியின் தரப்பே அவரை அனுப்பவில்லை. 1984-இல் பார்க்கின்சன் நோய்க்குறிகள் என்றார்கள். அவை குத்துகளால் வந்தவையா, எவ்வளவு தூரம் என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் குழறிய அந்தப் பேச்சைக் கேட்டு உலகத்தில் யாரும் அவரைக் குடிகாரன் என்று சொல்லவில்லை. அலி என்பதால்.

2002-இல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 50 வயதில் இறந்தார். மூளையைச் சோதித்தவர் பென்னட் ஒமாலு, நைஜீரியாவில் பிறந்தவர். டாவ் என்ற புரதம் மூளையில் அசாதாரணமாகப் படிந்திருந்தது. 2005-இல் அவர் இதை எழுதியபோது, லீக்கின் மருத்துவக் குழுவினர் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். 2016-இல்தான் லீக் அதிகாரி ஒருவர் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். மறு வருடம் பாஸ்டன் பல்கலைக்கழகம் அந்த லீக்கில் ஆடிய 111 பேரின் மூளையைப் பார்த்ததில் 110-இல் நோய் இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே அதிகம் கொடுத்திருப்பார்கள், அதனால் ஆடிய எல்லோருக்கும் இது வரும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் மார்ட்லேண்டிலிருந்து அந்த ஒப்புதலுக்கு 88 வருடம்!

மயங்கி விழும் அடி மட்டும் இதற்குக் காரணமில்லை. விழவைக்காத சின்னச் சின்ன மோதல்களும் வருடக்கணக்கில் சேர்கின்றன. விளைவு பல வருடம் கழித்து வருகிறது, அப்போது பக்கத்தில் இருப்பது ரசிகர்கள் இல்லை, மனைவியும் பிள்ளைகளும். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. அதனால் மைதானத்தில் செய்யக்கூடியதுதான் முக்கியம். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், வாந்தி, ஸ்கோர் மறந்துபோவது என்று எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. டாக்டர் சரி என்று சொன்னபின் திரும்ப வரலாம். பயிற்சியில் தலை மோதுவதைக் குறைக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றுமில்லை.

அடுத்த பொங்கல் போட்டியில் மைக் பிடிக்கிற தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். தலையில் அடிபட்டு வெளியே போய் உட்காருகிறவன் பெயரையும் சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள்.