பேத்தியின் விண்ணப்பமும் ஹார்வர்டின் பழைய படிவமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் வழிப் பேத்தி பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து கேட்டாள்: "தாத்தா, ஹார்வர்டுக்கு அப்ளை பண்ணப் போறேன். பரதநாட்டியம் கத்துக்கிட்டதையும், தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதையும் எழுத வேண்டாம்னு கன்சல்டன்ட் சொல்றாங்க. எழுதினா, 'இன்னொரு இந்தியப் பொண்ணு'ன்னு தள்ளிடுவாங்களாம். எனக்கு இடம் கிடைக்குமா? நீங்க என்ன சொல்றீங்க?"

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த நடுநிலைப் பள்ளி வாத்தியார். ஹார்வர்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, படிக்க உட்கார்ந்தேன். படித்ததை உங்களிடமும் சொல்லத் தோன்றியது.

ஹார்வர்டு 1636-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் லத்தீனும் கிரேக்கமும் தெரிந்தால் சேரலாம். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத் தேர்வு வைத்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1900-இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் உருவானது. 1901-இல் நடந்த முதல் தேர்வை எழுதியவர்கள் மொத்தமே 973 பேர். தேறியவனுக்கு இடம் உண்டு, அவ்வளவுதான். "எனக்குக் கிடைக்குமா" என்ற கேள்விக்கு அன்று விடைத்தாள்தான் பதில்.

இங்கேதான் சிக்கல் வந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பையன்கள் நன்றாகப் படித்தார்கள், தேர்வில் தேறினார்கள். ஹார்வர்டில் 1900-இல் சுமார் 7 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள், 1922-இல் 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவலுக்கு இது பிடிக்கவில்லை. 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று வெளிப்படையாகவே வரம்பு கட்டப் பார்த்தார். எதிர்ப்பு வந்தது. பேராசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து, இனமோ மதமோ பார்க்கக் கூடாது என்று 1923-இல் சொல்லிவிட்டது.

லோவல் விடவில்லை. வாசல் வழியாக முடியாததைக் கொல்லைப்புற வழியாகச் செய்தார். 1922 முதலே விண்ணப்பப் படிவத்தில் புதுக் கேள்விகள் வந்திருந்தன. இனமும் நிறமும் என்ன? மதம் எது? தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? தந்தை பிறந்த ஊர் எது? நீ பிறந்த பிறகு உன் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதா, விளக்கமாக எழுது! பெயரை மாற்றிக்கொண்ட யூதர்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கடைசிக் கேள்வி. 1926-இல் மூன்று காரியங்கள் சேர்ந்து நடந்தன. முதலாண்டில் சேருவோர் எண்ணிக்கை ஆயிரம் என்று நிர்ணயிக்கப்பட்டது. விண்ணப்பத்துடன் புகைப்படம் கட்டாயமானது. மதிப்பெண்ணோடு 'குணநலன்' என்பதும் பார்க்கப்படும் என்றார்கள். சில ஆண்டுகளில் யூத மாணவர்கள் சுமார் 15 சதவீதமாகக் குறைந்துபோனார்கள். குணநலனை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்க முடியாது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு பத்தி உண்டு. எல்லோருக்கும் 'நன்று' என்றுதான் எழுதுவோம். நான் தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்த ஒரு வருடம், எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பையனுக்கு 'திருப்தி' என்று எழுதினேன். நன்றாகப் படிக்கிற பையன். என் கணக்கில் இருந்த தவறை வகுப்பில் எல்லார் முன்னாலும் சுட்டிக் காட்டினான். அந்தக் கோபம். சேரப் போன இடத்தில் அந்த ஒரு சொல்லைக் காட்டி அவன் அப்பாவை இரண்டு நாள் அலைய விட்டார்கள். மூன்றாம் நாள் அவர் என்னிடம் வந்து, "சார், பையன் என்ன தப்பு பண்ணினான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வேறு சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். ஒரு நடுநிலைப் பள்ளி வாத்தியாரிடமே அந்தப் பத்திக்கு இவ்வளவு அதிகாரம் இருந்தது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். அதே 1926-இல்தான் எஸ்.ஏ.டி. தேர்வும் பிறந்தது. ஜூன் 23 அன்று சுமார் 8,000 பேர் எழுதினார்கள். அதை உருவாக்கிய கார்ல் பிரிகாம், சில இனத்தவருக்கு அறிவு குறைவு என்று 1923-இல் புத்தகமே எழுதியவர். 1930-இல் அந்த முடிவு தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். லோவலுக்குப் பிறகு 1933-இல் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், பணக்காரப் பள்ளிகளுக்கு வெளியே இருக்கும் கெட்டிக்காரப் பையன்களுக்கு உதவித்தொகை கொடுக்க விரும்பினார். அவர்களைக் கண்டுபிடிக்க இதே எஸ்.ஏ.டி.யைப் பயன்படுத்தினார். ஓர் இனத்தைத் தாழ்த்தி எழுதியவர் செய்த கருவி, ஏழைப் பையனுக்குக் கதவையும் திறந்தது.

ஆனால் குணநலன் பத்தி போகவில்லை. ஹார்வர்டு மீது 2014-இல் ஒரு வழக்கு போடப்பட்டது. அதில் விண்ணப்பங்களுக்குப் போடும் உள் மதிப்பெண்கள் வெளியே வந்தன. படிப்பில் ஆசிய வம்சாவளி மாணவர்கள் முன்னால் இருந்தார்கள். 'தனிப்பட்ட பண்பு' என்ற இனத்தில் சராசரியாகப் பின்னால் இருந்தார்கள். வேண்டுமென்றே பாகுபாடு காட்டவில்லை என்று கீழ் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் கறுப்பின மாணவர்களுக்கு இருந்த ஒரு படியும் போயிற்று. என் பேத்திக்கு லாபமா நஷ்டமா என்று மட்டும் பார்த்து அதை என்னால் எடை போட முடியவில்லை.

அந்த வழக்கில் வெளிவந்த இன்னொரு கணக்கு: ஹார்வர்டில் படித்தவர்களின் பிள்ளைகள் விண்ணப்பித்தால் மூன்றில் ஒருவருக்கு இடம். மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் எடுத்தாலும், முதல் ஒரு சதவீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை இத்தகைய கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்கிறது.

2023-இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 57,000. இடம் கிடைத்தவர்கள் 1,942. நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. இதற்குப் பிள்ளைகளின் அறிவு காரணமில்லை. 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து ஒரு பொது விண்ணப்பத்தைக் கொண்டுவந்தன. பிறகு அது கணினிக்கு வந்தது. இன்று ஒரே படிவத்தை 20 கல்லூரிகளுக்கு வரை அனுப்பலாம். ஒரே பிள்ளை பல வரிசைகளில் நிற்கிறது. வரிசை நீள நீளப் பயமும் கூடுகிறது. பயம் கூடினால் இன்னும் நாலு கல்லூரிக்குப் போடுகிறது.

நேற்று பேத்தியிடம் சொன்னேன்: "கண்ணு, கிடைக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது, அந்தக் கன்சல்டன்ட்டுக்கும் தெரியாது. நூறு வருஷத்துக்கு முன்னால யூதப் பையன்கள் பேரை மறைச்சாங்க. அப்பவும் படிவம் தோண்டிக் கேட்டுச்சு. நீ பரதத்தையும் தமிழையும் மறைக்காதே. எழுது. ஹார்வர்டு கூப்பிடலைன்னா உன் குணத்துல குறைன்னு நினைச்சுக்காதே. ரட்கர்ஸுக்கும் போடு. 1766-லேருந்து இருக்கற பல்கலைக்கழகம், வீட்டுக்கும் பக்கம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பையன் இப்போ என்ன பண்றார் தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.