பேரிளம்பெண்ணுக்குப் பிறகு: பெண்ணின் நரையும் தளர்ச்சியும் தமிழ் நூல்களில் பெற்ற இடம்

பாட்டியல் நூல்கள் பெண்ணுக்கு ஏழு பருவங்கள் வகுத்தன. பேதையில் தொடங்கும் வரிசை பேரிளம்பெண்ணோடு முடிகிறது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த கணக்கின்படி பேரிளம்பெண்ணின் மேல் எல்லை வயது 40. நரை கூடுவதும், முகத்தில் கோடு விழுவதும், விலக்கு தள்ளிப்போய்ப் பிறகு நின்றே போவதும் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டித்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையில், வன்னியம்பட்டி விலக்கில் காலைப் பேருந்துக்கு நிற்கும் பெண்களில் பலர் இந்தப் பட்டியலை விட்டு எப்போதோ வெளியேறியவர்கள். அவர்களுடைய பருவத்துக்குப் பாட்டியலில் பெயர் கிடையாது. அதற்கு முந்திய நூல்களில் இடம் இருந்தது என்பதும், அந்த இடத்தை இன்று நாம் பார்க்கத் தவறுவதற்குப் புகழ்பெற்ற ஒரு விளக்கமும் காரணம் என்பதும் என் வாதம்.

அந்த விளக்கம் ஜார்ஜ் எல். ஹார்ட்டுடையது. பண்டைத் தமிழகத்தில் பெண்ணும் புனிதமும் பற்றி 1973-இல் எழுதிய கட்டுரையிலும், இரண்டாண்டு கழித்து வந்த நூலிலும் அதை அவர் நிறுவ முயன்றார். அணங்கு என்பது அச்சமூட்டும் ஓர் ஆற்றல். அது பெண்ணிடம், சிறப்பாக அவள் முலையில், உறைகிறது. கற்பு அதை ஒழுங்குக்குள் வைக்கிறது. பூப்பு, மகப்பேறு, கைம்மை ஆகிய வேளைகளில் அது கட்டுமீறக்கூடும் என்பதால்தான் விலக்குகள். கைம்பெண் கூந்தல் களைவதும் இந்த அச்சத்தின் விளைவே. சுருக்கினால் அவர் வாதம் இவ்வளவுதான். அணங்கு என்ற சொல்லின் பரந்த ஆட்சியை இப்படிப் பெண்ணின் ஆற்றலாகக் குறுக்கியது சரியன்று என்று வி.எஸ். ராஜம் 1986-இல் சான்றுகளோடு மறுத்தார். அந்த மறுப்பு போதுமானது. நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் குறை வேறு. ஹார்ட் காட்டும் பெண்ணுக்குப் பூப்பு உண்டு, மணம் உண்டு, கைம்மை உண்டு. வயது ஏறுவது மட்டும் கிடையாது. கணவன் உயிரோடு இருக்க, தலை நரைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவருடைய திட்டத்தில் எங்கே வைப்பது?

நற்றிணையின் பத்தாம் பாடல் இந்தக் கேள்வியை நேராக எழுப்புகிறது. உடன்போக்கில் தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைக்கும் தோழி, இவள் முலை தளர்ந்தாலும், நெடிய கருங்கூந்தல் நரையோடு சேர்த்து முடிக்கப்படும் காலம் வந்தாலும் இவளைக் கைவிடாதே என்று கேட்டுக்கொள்கிறாள். 1915-இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு நற்றிணை அச்சேறியது முதல் இது தோழியின் பரிவுக்கு எடுத்துக்காட்டாகவே படிக்கப்படுகிறது. பரிவு உண்மைதான். ஆனால் தோழி தேர்ந்தெடுத்த உறுப்புகளைக் கவனிக்க வேண்டும். முலையும் கூந்தலும். ஹார்ட்டின் விளக்கத்தில் எவை முதன்மையோ, அவையே இங்கே தளர்ச்சிக்கும் நரைக்கும் உள்ளாகின்றன. ஆற்றல் குடியிருக்கும் இடம் தளர்ந்தால் ஆற்றல் என்னாகும் என்ற கவலை பாடலில் துளியும் இல்லை. தலைவன் அஞ்ச வேண்டும் என்றோ, அச்சம் விலகிவிடும் என்றோ தோழி சொல்லவில்லை. அவள் கேட்பது ஒரு வாக்குறுதி. முதுமையை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, மணத்தின் நிபந்தனையாக அதை வைக்கிறாள். இன்னொன்று: அந்தப் பெண் நரையை மறைப்பாள் என்று தோழி எண்ணவில்லை. வெள்ளையும் கருப்புமாக உள்ள முடியை அள்ளிக் கொண்டையாக முடிப்பாள், அவ்வளவே.

ஹார்ட் பக்கம் நின்று ஒருவர் புறநானூற்றைக் காட்டலாம். 295-ஆம் பாடலில், களத்தில் வெட்டுண்டு கிடக்கும் மகனைக் கண்ட தாயின் வற்றிய முலை மீண்டும் சுரக்கிறது. பாடியவர் அவ்வையார். வற்றிய உறுப்பில் மறுபடி ஆற்றல் எழுவதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா என்று கேட்பது நியாயம். இந்த ஒரு பாடலை மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கும் பதில் சொல்வது கடினமே. ஆனால் இதே துறையின் மற்றப் பாடல்களோடு சேர்த்துப் படித்தால் படம் மாறுகிறது. 277-இல் கொக்கின் இறகுபோல் நரைத்த கூந்தல். 278-இல் நரம்பு புடைத்து மெலிந்த தோள். மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சு உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு கிளம்புகிறாள் அந்தத் தாய். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார்.

முலையை எறிவது தமிழில் மூன்று பெண்களின் செயல் அல்லது சூளுரை: 278-இன் முதியவள், கண்ணகி, ஆண்டாள். மூன்றையும் ஒரே ஆற்றலின் வெளிப்பாடாகச் சேர்ப்பது எளிது. வயதை வைத்துப் பிரித்தால் மூன்றும் வேறாகின்றன. நாச்சியார் திருமொழியில் வரும் கன்னி, பயன்படாமல் போன உறுப்பைப் பறித்துத் தன்னை ஏற்காதவன் மார்பில் எறிவேன் என்கிறாள். கண்ணகி கணவனை இழந்த இளம் மனைவி. முதியவளுடையதோ பயன்பட்டு முடிந்த உறுப்பு. பால் கொடுத்த கணக்கு அவளிடம் இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் அவள் தீர்க்கப் பார்க்கிறாள். 295-இல் சுரக்கும் பாலையும் நான் இந்தக் கணக்கின் வழியே படிக்கிறேன். சான்று மெலிந்த இடம் இது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் உடலின் தளர்ச்சியை உறுப்பு உறுப்பாகச் சொல்லி, அதை இழிவாகவோ அச்சமாகவோ ஆக்காமல் பெருமிதத்தில் கொண்டு நிறுத்திய பாடல்கள் இவை. கட்டுமீறும் ஆற்றல் என்ற ஒரே விளக்கம் அந்தப் பெருமிதத்தை விழுங்கிவிடுகிறது.

அந்தப் பெருமிதம் மகன் வழியாக மட்டுமே கிடைத்தது என்பதும் உண்மை. ஏன் உமக்கு நரையே இல்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன விடை (புறம் 191) எல்லோரும் அறிந்தது. அந்தப் பட்டியலில் முதலில் வருபவள் மாண்பு மிக்க மனைவி. அவளுக்கு நரைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த கட்டத்தில் மகன் மறைந்துபோகிறான். சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில், காயசண்டிகை உருவில் இருக்கும் மணிமேகலை, உதயகுமரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, கூந்தல் முதலாக ஒவ்வோர் உறுப்பும் முன்பு எதற்கு உவமையாக இருந்தது, இப்போது எதுவாயிற்று என்று அடுக்குகிறாள். பாலி மொழியில் தேரிகாதையில் வைசாலியின் அம்பபாலி இதே முறையில் தன் உடலைத் தானே விவரிக்கிறாள். எது எதற்கு மூலம் என்பதில் நான் இறங்கவில்லை. அம்பபாலி தன்மையில் பேசுகிறாள். சாத்தனாரின் மூதாட்டியோ காட்டப்படுகிறாள், பேசுவதில்லை.

தன் வாயால் பேசியவர் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் அவர் வருணிக்கும் பெண்பேய்க்குத் திரங்கிய முலை, எழுந்த நரம்பு. புறநானூற்று முதியவளிடம் பார்த்த அடையாளங்களே. கணவன் தன்னைத் தெய்வமெனக் கண்டு அஞ்சி விலகிய பின், அவனுக்காகச் சுமந்த தசை இனி வேண்டாம், பேய்வடிவம் தா என்று அம்மையார் கேட்டதாகச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார். அம்மையாரின் பதிகத்தில் இந்தக் கதை இல்லை. பேய் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர் மட்டுமே உண்டு. தளர்ச்சி தானாக வருவதற்கு முன்பே அதை ஒருத்தி விரும்பி ஏற்கலாம் என்ற எண்ணம் தமிழில் காலூன்றியது இங்கேதான் என நினைக்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன பாட்டியலின் எல்லை வயதில் உள்ள ஒரு வேறுபாட்டைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பன்னிரு பாட்டியல் தரும் கணக்கு பாடநூல் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. அதன்படி பேதை 8 வயது வரை, பெதும்பை 10, மங்கை 14, மடந்தை 18, அரிவை 24, தெரிவை 29. பேரிளம்பெண்ணுக்கு மட்டும் நூற்பா எண்ணை நேராகச் சொல்லாமல் பத்து, எட்டு, இரட்டி என்று கணக்காகத் தருகிறது. எட்டை மட்டும் இரட்டித்துப் பத்தோடு கூட்டினால் 26. அது தெரிவைக்கும் கீழே போய்விடும். இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 36. இதுவே பொருந்தும். அப்படியானால் ஒரு மரபில் 36, இன்னொன்றில் 40.

நான்காண்டு நீண்டதா, சுருங்கியதா? பன்னிரு பாட்டியலின் காலம் முடிவாகாத வரை இதற்கு விடை சொல்ல முடியாது. பெண்களின் ஆயுளோ மதிப்போ கூடியதன் அடையாளமாக 40-ஐக் காட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளவே வேண்டும். ஏழில் ஐந்து பருவங்களின் மேல் எல்லை பாடநூல் கணக்கில் ஓரிரண்டு ஆண்டோ நான்காண்டோ கூடுதலாக இருக்க, பேதையும் மங்கையும் மட்டும் ஓராண்டு குறைவாக இருக்கின்றன. பேரிளம்பெண்ணை மட்டும் தனியே நீட்டியவர் யாரும் இல்லை. என் கவனத்தை இழுப்பது வேறொரு நூற்பா. ஆணுக்கு உலாப் பாடுவதற்கான வயதெல்லையைப் பன்னிரு பாட்டியல் 48 என்கிறது. வீதியில் உலா வருபவனுக்கு 48 வரை இடம். மாடத்தில் நின்று அவனைப் பார்த்து ஏங்குபவளுக்கு 36 வரை. ஒட்டக்கூத்தரின் மூவருலாவை இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை மனத்தில் வைத்து மறுபடி படித்தால், பேரிளம்பெண் கூட்டத்தின் கடைசியில் நிற்பது வெறும் வரிசைமுறையாகத் தெரியவில்லை.

இனி வன்னியம்பட்டிக்குப் பக்கத்துக் கோயிலுக்கு. திருப்பாவையின் இருபதாம் பாசுரத்தில் பெண்கள் நோன்புக்குக் கேட்கும் பொருள்களில் ஒன்று தட்டொளி என்னும் உலோகக் கண்ணாடி. மாலையைத் தான் சூடி அழகு பார்த்த ஆண்டாளின் கதை ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணாடிக் கிணற்றோடு இணைந்திருக்கிறது. அவள் அந்த நீரில்தான் தன்னைப் பார்த்துக்கொண்டாள் என்பது ஊர் மரபு. ஆண்டாளின் காலமும் முடியாத வழக்கே. திருப்பாவையில் வரும் வெள்ளி எழுச்சி, வியாழ மறைவைக் கொண்டு மு. இராகவையங்கார் 731 என்று கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளுவோரும் உண்டு. எந்தக் காலமானாலும், கண்ணாடி பார்க்கும் பெண்ணாக இந்த வட்டாரம் நினைவில் வைத்திருப்பவளுக்கு வயது ஏறுவதில்லை. ஆடிப்பூரத்தில் பிறந்தநாள், பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம். மார்கழியில் மூலிகைத் தைலம் காய்ச்சி எண்ணெய்க்காப்பு. ஆண்டுதோறும் மணம் நடக்கும், மணத்துக்குப் பிந்திய ஆண்டுகள் வராது. எண்ணெய்க்காப்புத் தைலத்தைப் பிரசாதமாக வாங்கிவந்து தலையில் தடவிக்கொள்ளும் பெண்கள் இங்கே உண்டு. அதை நோய்க்கான மருந்தாக நம்புகிறவர்களே அதிகம்.

வயதை வேண்டிப் பெற்றவளின் கதை மக்களிடம் பரவியது அவ்வையின் பெயரில். திருமணத்திலிருந்து தப்ப விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்ட அந்தக் கதைக்குச் சங்க அவ்வையார் பாடல்களில் தடயம் கிடையாது. 1953-இல் ஜெமினி வெளியிட்ட 'அவ்வையார்' படம் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. கிழவி வேடத்தில் நடித்த கே.பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தவர். அப்போது நாற்பதுகளின் நடுவில் இருந்தார். 1933-இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபின், இருபத்தைந்து வயதிலேயே வெள்ளைப் புடவைக்கு மாறியவர். பேரிளம்பெண் எல்லையைக் கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நடிகையிடம் அன்றைய திரையுலகம் கொடுத்த வேடம் பாட்டி வேடம். அவர் அதைப் பாடியே தன் வசமாக்கிக்கொண்டார் என்பது வேறு கதை.

பாட்டியல் வழக்கொழிந்தாலும் பட்டியல் ஒழியவில்லை. 1992-93-இல் தொடங்கிய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இன்று பெண்களிடம் கேள்வி கேட்பது 15 முதல் 49 வயது வரை. 2005-06-இல் ஆண்களையும் சேர்த்தபோது அவர்களுக்கு வைத்த எல்லை 54. பிள்ளை பெறும் வயதை அளக்கும் ஆய்வு என்பதால் இதற்குத் தகுந்த காரணம் உண்டு. உலாவுக்கும் அதற்கான காரணம் இருந்தது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46-ஐ ஒட்டி என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதாவது கணக்கெடுப்பு ஒருத்தியை விட்டுவிடும்போது, அந்த மாற்றத்துக்குப் பிந்திய வாழ்க்கையை அவள் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருக்கும்.

வன்னியம்பட்டிப் பக்கம் அந்த வாழ்க்கை பெட்டிக்கடையில் தொங்கும் டை பாக்கெட்டில் தெரிகிறது. மருதாணியும் அவுரியும் அரைத்துப் பூசியவர்களின் மகள்கள் இப்போது பாக்கெட்டைக் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் வகிட்டோரம் தடவுகிறார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றால் முந்தின நாள் டை கட்டாயம். பேரன் பிறந்தபிறகு அடிப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்வதும் வழக்கம். நரையை எப்போது காட்டலாம் என்பதை இங்கே பிள்ளைகளின் காரியங்கள் தீர்மானிக்கின்றன. அந்த அளவில் 277-ஆம் பாடலின் தாய் இன்னும் தொலைவில் இல்லை. கணவனைப் பார்த்துத் தோழி கேட்ட வாக்குறுதியின் தொடர்ச்சியைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நற்றிணை பத்தைப் பாடியவர் பெயர் கிடைக்காததால், அந்தக் குரல் ஒரு பெண்ணுடையதா, பெண்ணின் வாயில் ஓர் ஆண் வைத்ததா என்பதையும் இப்போதைக்கு முடிவுசெய்ய வழியில்லை.