வானவில் எதிர்ப்பு அரசியல்: தமிழ்நாட்டு வரலாறு

தன்பால் ஈர்ப்பாளர், திருநர், இடைப்பாலினர் உள்ளிட்ட பால்புதுமையினர் தம்மை மறைத்துக்கொள்ளாமல் பொதுவெளியில் வாழத் தொடங்கியபோது, கட்சிகளும் மத அமைப்புகளும் அரசு அலுவலகங்களும் குடும்பங்களும் காட்டிய மறுப்பே இங்கு வானவில் எதிர்ப்பு எனப்படுகிறது. உலக அளவில் இதற்கு நன்கு தெரிந்த சில கட்டங்கள் உண்டு. 1977இல் புளோரிடாவின் டேட் கவுன்டியில் பாடகி அனிதா பிரையன்ட் நடத்திய இயக்கம், 1988இல் தன்பால் ஈர்ப்பை ஊக்குவிக்கக் கூடாதென பிரிட்டனின் உள்ளாட்சி மன்றங்களைக் கட்டிப்போட்ட 28ஆம் பிரிவு, 2013இல் ரஷ்யா இயற்றிய தன்பால் ஈர்ப்புப் பிரசாரத் தடைச் சட்டம், 2025 மார்ச்சில் வானவில் பேரணிகளையே தடைசெய்ய வழிவகுத்த ஹங்கேரிச் சட்டம் ஆகியவை அவை. அந்நாடுகளில் எதிர்ப்பு வெளிப்படையாக வாக்குக் கேட்டது, சட்டமும் ஆனது. தமிழ்நாட்டில் அத்தகைய பெரும் இயக்கம் எழவில்லை. அதனால் இங்கே எதிர்ப்பே இல்லை என்று சொல்வோர் உண்டு. மணியாச்சி, கோவில்பட்டி, கழுகுமலை என்று விரியும் கரிசல் வட்டாரத்தையும் அதைச் சூழ்ந்த தென்மாவட்டங்களையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கூற்று நிலைக்காது. இங்கு எதிர்ப்பு நடக்கும் இடங்கள் பதிவாளர் அலுவலகமும் காவல் நிலையமும் வீடும்தான். திருவிழாவிலும் மேடையிலும் ஏற்கப்பட்ட மனிதர், பதிவேட்டில் தன் பெயரை எழுதச் சொல்லும்போதுதான் அது மூள்கிறது.

இந்த வட்டாரத்துக்குப் பாலின எல்லை கடந்த தோற்றங்கள் புதியவை அல்ல. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் ஆண்கள் நேர்ந்துகொண்டு பெண் வேடமிட்டு ஊர் ஊராகக் காணிக்கை பெறுவது இன்றும் நடக்கிறது. ஆத்தாளுக்கு நேர்ந்த வேடம் என்பதால் அதை யாரும் பழிப்பதில்லை. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் நாடகங்களை நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடம் ஏற்றவர்கள் சிறுவர்கள். வடக்கே கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதத்தில் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் சடங்கு பன்னெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆனால் இந்த ஏற்பு காலமும் இடமும் வரையறுத்த ஏற்பு. விரதம் முடிந்ததும் வேடத்தைக் களைய வேண்டும். திருநங்கை கையால் ஆசீர்வாதம் வாங்கும் குடும்பம் அவருக்கு வீடு வாடகைக்குத் தருமா என்பது வேறு கேள்வி. தமிழ் மரபு பால்புதுமையினரை அரவணைத்தது என்று முழுதாகச் சொல்வதும், அவர்களை அறவே அறியாதது என்று சொல்வதும் ஒருசேரத் தவறு.

இவையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி என்பது எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துவைக்கும் வாதம். இறக்குமதியானது எது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1860இல் இயற்றி 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான உறவு என்ற பெயரில் தன்பால் உறவைக் குற்றமாக்கியது. அதே வார்ப்பில் இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலும், சிங்கப்பூர், மலாயாச் சட்டங்களிலும் பிரிவுகள் ஏறின. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட மாகாணங்களில் திருநர் சமூகத்தாரைப் பதிவேட்டில் எழுதவும், அவர்கள் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றுவதைத் தண்டிக்கவும் அதிகாரம் தந்தது. பொதுவெளியில் காணக் கிடைப்பதையே குற்றமாக்கிய முதல் இந்தியச் சட்டங்களில் ஒன்று அது. பின்னாளில் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்து, தென்மாவட்டங்களில் பிரமலைக் கள்ளர், ஆப்பநாட்டு மறவர் முதலானோரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. கைரேகை வைத்துவிட்டுத்தான் ஊரைவிட்டு நகரலாம் என்ற நிலையின் அவமானத்தைத் தென்பாண்டி நாடு நன்றாக அறியும். தருமசாத்திரங்களிலும் தன்பால் உறவுக்குத் தண்டனை உண்டு என்று மறுப்போர் சொல்வது உண்மைதான். ஆனால் எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் பொதுவான குற்றமாக அதை நாடு முழுக்க ஆக்கியது காலனிய அரசு.

இந்தியாவின் முதல் வானவில் பேரணி 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் ஏறத்தாழ பதினைந்து பேரோடு நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், இரு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தை ஓட்டிய மும்பை, டெல்லித் திரையரங்குகளை சிவசேனைக்காரர்கள் அடித்து நொறுக்கினர். சென்னையில் வானவில் பேரணி 2009 ஜூனில் மெரினாவில் தொடங்கியது. மதுரையில் 2012 ஜூலையில் நடந்தது. சென்னைப் பேரணி முடிந்த சில நாள்களில், 2009 ஜூலை 2 அன்று, வயது வந்தோரின் இசைவான தனிப்பட்ட உறவு குற்றமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே மேல்முறையீடுகள் குவிந்தன. மேல்முறையீட்டாளர் பட்டியலைப் படித்தால் இந்த எதிர்ப்பின் இயல்பு விளங்கும். ஒரு சோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம், அப்போஸ்தலிக்கத் திருச்சபைகள் கூட்டமைப்பு, உத்கல் கிறித்தவ மன்றம், டெல்லி சனாதன தருமப் பிரதிநிதி சபை, இவர்களோடு தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம். மற்ற எதிலும் ஒன்றுசேராத அமைப்புகள் ஒரே கோரிக்கையோடு ஒரே நீதிமன்றத்துக்கு வந்தன. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து 377ஐ மீட்டது. அப்பிரிவு மீண்டும் தளர 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு அரசியல் இந்தப் பட்டியலிலிருந்து விலகி நின்றது என்று பெருமையோடு சொல்லப்படுவதுண்டு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2008இல் மு. கருணாநிதி அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஓர் அவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. இவை மெய்யான சாதனைகள். ஆனால் சிவாவின் மசோதா மக்களவையில் சட்டமாகவில்லை. அதன் இடத்தில் 2019இல் வந்த ஒன்றிய அரசின் சட்டம், திருநர் என்ற அடையாளத்துக்கு மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அது விதித்த உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுச் சிறை. 2015 டிசம்பரில் 377ஐத் திருத்த சசி தரூர் கொண்டுவந்த மசோதாவை அறிமுகம் செய்யவே மக்களவை விடவில்லை. 71க்கு 24 என்று தோற்றது. திருநங்கையரை நலத்திட்டத்தின் பயனாளிகளாக ஏற்ற அரசியல், தன்பால் ஈர்ப்பாளரைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துகொண்டது. இரக்கத்துக்கு இடம் கொடுத்து உரிமைக்குக் கதவடைத்த இந்த ஏற்பாட்டையும் எதிர்ப்பின் வரலாற்றில்தான் சேர்க்க வேண்டும்.

இதைத் தூத்துக்குடியின் ஒரு திருமணத்தில் கண்கூடாகக் காணலாம். 2018 அக்டோபர் 31 அன்று சங்கரராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் இந்து முறைப்படி மணந்துகொண்டனர். இருவருக்கும் அது முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தந்தார். கோயில் நிர்வாகம் ஒத்துழைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகம் பதிவை மறுத்தது. மேல்முறையீட்டில் மாவட்டப் பதிவாளரும் டிசம்பர் 28 அன்று அதையே உறுதிசெய்தார். சந்நிதியில் தாலி கட்டியதைத் தடுக்காத ஊர், அதைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று அந்த உத்தரவுகளை ரத்துசெய்து, இந்து திருமணச் சட்டத்தின் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார். இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவசரப்பட்டு அறுவை செய்து ஆண், பெண் என்று ஆக்கும் வழக்கத்தை நிறுத்தவும் அதே தீர்ப்பு சொன்னது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாநில அரசு அதற்குத் தடை ஆணை வெளியிட்டது. ஒரு பதிவாளர் மறுத்ததால் வந்த வழக்கு, நாட்டில் அதுவரை வேறெங்கும் இல்லாத பாதுகாப்பை அறியாக் குழந்தைகளுக்கு ஈட்டித்தந்தது.

கோவில்பட்டிக்கு அருகே மந்தித்தோப்பில் நடந்தது இன்னொரு வகை வெளிப்பாடு. மாவட்ட ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரியின் பெயரால் அமைந்த குடியிருப்பில் திருநங்கையருக்கு வீடுகள் கிடைத்தன. தூத்துக்குடி மாவட்டத்தவரான தலித் திருநர் செயற்பாட்டாளர் கிரேஸ் பானுவின் முயற்சியால் அங்கே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. கடைத்தெருவில் கைநீட்டியவர்கள் கடனில் மாடு வாங்கிப் பால் ஊற்றும் உறுப்பினர்கள் ஆனார்கள். மானாவாரிப் பூமியில் மழை பொய்த்தால் சம்சாரிக்கும் மாடுதான் கைகொடுக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். அதே வட்டாரத்தில், கழுகுமலைப் பகுதியில், 2022 அக்டோபரில் திருநங்கையரைத் தாக்கி அவர்கள் கூந்தலை அறுத்த காட்சி காணொளியாகப் பரவியது. இருவர் கைதாயினர். கண்ணில் பட்டதால்தான் அடி விழுந்தது, அடக்கமாக இருந்திருந்தால் வம்பு வந்திருக்காது என்ற கருத்து நல்லெண்ணம் உள்ளவர்களிடமும் உண்டு. இந்த நிகழ்வே அதற்கு மறுப்பு. அறுத்த கூந்தல் ஊரார் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் காவல்துறை நகர்ந்தது. மறைவில் வாங்கிய அடிகளுக்கு முதல் தகவல் அறிக்கை இல்லை.

வீடே எதிர்ப்புக் களமாவதை மதுரையைச் சேர்ந்த இரு பெண்களின் வழக்கு காட்டியது. அவர்கள் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழத் தொடங்கியதும் இரு குடும்பத்தாரும் மகளைக் காணவில்லை என்று புகார் கொடுத்தனர். விசாரணை என்ற பெயரில் காவல்துறை தேடி வந்தது. சாதி மறுத்து மணப்போரைத் துரத்த நம் ஊர்களில் கையாளும் வழியும் இதுவே. பால்புதுமையினர் எதிர்ப்பைத் தனி நோயாகப் பார்க்காமல், மகளின் உடல் மீதும் திருமணம் மீதும் குலம் உரிமை கோரும் பழக்கத்தின் நீட்சியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளில் போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி உளவியலாளரிடம் பாடம் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் வழங்கிய ஆணை, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் மருத்துவத்தைத் தடைசெய்யச் சொன்னது. 2022இல் தமிழ்நாடு அரசு, பால்புதுமையினரையும் அவர்களுக்கு உதவுவோரையும் காவலர் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளைத் திருத்தியது.

குழந்தைகளைக் கெடுத்துவிடும் என்பது எதிர்ப்பின் மிக வலிய குரல். அனிதா பிரையன்ட் தொடங்கி ஹங்கேரி வரை ஒலிப்பதும் அதுதான். திருநர் குழந்தைகளைப் பள்ளி எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கையேடு, 2021 நவம்பரில் எதிர்ப்பு கிளம்பியதும் இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. பெற்றோரின் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கையேடு பேசியது கழிப்பறை, சீருடை, கேலி பற்றி. வகுப்பில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை படிப்பை விட்டு ஓடாமலிருக்க வழி தேடியது. அதை அகற்றியதால் அந்தப் பிள்ளை வேறு பிள்ளையாக மாறிவிடவில்லை.

2023இல் தன்பால் திருமண வழக்கில் ஒன்றிய அரசு, இக்கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று எழுதிக் கொடுத்தது. தூத்துக்குடிக் கோயிலும் மந்தித்தோப்பும் கழுகுமலையும் மேட்டுக்குடியின் இருப்பிடங்கள் அல்ல. நகரத்துக்கு ஓடிவருவோர் அங்கே பிறந்தவர்களும் அல்ல. ஊர் துரத்தியதால் வந்தவர்கள். அவ்வழக்கில் ஒன்றிய அரசு கருத்துக் கேட்டதற்கு ஏழு மாநிலங்கள் பதில் தந்தன. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் ஆகிய மூன்றும் எதிர்த்தன, நான்கு அவகாசம் கேட்டன. தமிழ்நாடு அந்த ஏழில் இல்லை. சுயமரியாதைத் திருமணத்தை 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னபோது, மரபை உடைக்கும் மணம் என்றுதான் அதையும் தூற்றினார்கள். 1967இல் அண்ணா அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, ஏற்கனவே நடந்த மணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அந்த வரலாற்றுக்கு உரிமை கொண்டாடும் மாநிலத்தின் மௌனம் அதனால்தான் கனக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் திருமண உரிமையை மறுத்து, முடிவை நாடாளுமன்றத்திடம் விட்டது. தமிழர் வாழும் சிங்கப்பூரும் 2022இல் 377ஏ பிரிவை நீக்கிய அதே மூச்சில், திருமணத்தின் தற்போதைய வரையறையை நீதிமன்றங்கள் தொடாதபடி அரசமைப்பைத் திருத்திக்கொண்டது.

அதன்பின் தமிழ்நாட்டில் வழக்குகள் திருமணம் என்ற பெயரைச் சுற்றாமல் குடும்பம் என்ற பொருளை நோக்கித் திரும்பின. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ்வோர் தம் உறவைக் குடும்ப உறவு ஒப்பந்தமாக எழுதிப் பதிந்துகொள்ளும் ஏற்பாட்டைப் பரிசீலிக்கும்படி மாநில அரசிடம் சொன்னார். 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்த ஒரு பெண்ணைத் தோழியோடு போக அனுமதித்த தீர்ப்பில் நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று எழுதினர். குடும்ப உறவு ஒப்பந்தம் சட்டமானால், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, மருத்துவமனையில் கையெழுத்திடுவது, இறந்தபின் உடலைப் பெறுவது ஆகியவற்றுக்கு ஒரு தாள் கிடைக்கும். அந்தத் தாளைப் பதிய வேண்டிய இடம், 2018இல் தூத்துக்குடித் தம்பதியைத் திருப்பியனுப்பிய அதே துறையின் அலுவலகம்தான்.