சிறைவாசிகளும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றும்: சாதி, சட்டம், மருத்துவ உரிமை

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் பதிவு செய்யப்பட்ட வரலாறு அடைத்துவைக்கப்பட்ட பெண்களின் இரத்தத்திலிருந்து தொடங்குகிறது. 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவ மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டு, ஜாமீன் எடுக்க வழியின்றி அரசுக் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த பெண்களே அவருக்கு எளிதில் கிடைத்தவர்கள். வேலூரில் நடந்த பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று உறுதியானது. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பின்னர், தொற்று இருந்த பெண்கள் விடுதலை பெறவேண்டிய காலம் கடந்தும் காப்பகத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகே, 1990இல் அவர்களுக்குக் கதவு திறந்தது.

அந்த மருத்துவக் கண்டுபிடிப்பின் மதிப்பை நாம் குறைத்துக் கூறவில்லை; எண்ணற்ற உயிர்களைக் காத்த பணி அது. ஆயினும் அடைக்கப்பட்டவரின் உடல் அரசுக்கு எளிதில் கிடைக்கும், அவருக்கு மருந்து மட்டும் எளிதில் கிடைக்காது என்ற நிலை அன்றே உருவாகிவிட்டது. இன்றைய சிறைகளைப் பற்றிப் பேசும்போதும் அதையே மீண்டும் காண்கிறோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியாவின் 1,330 சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். கொள்ளளவு 4,36,266 மட்டுமே. நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் படுத்துறங்குகிறார்கள் என்று பொருள். இவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். எந்த நீதிமன்றமும் இவர்களைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறைக்குள்ளோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பட்டியல் பழங்குடியினரும் முஸ்லிம்களும்கூடத் தம் மக்கள்தொகைப் பங்கை விஞ்சியே அடைக்கப்பட்டிருக்கின்றனர். ஆகவே சிறையில் பரவும் நோய் எதுவாயினும் அதன் சுமை எந்தத் தெருக்களில் போய் இறங்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் நடத்திய கண்காணிப்பில், மத்தியச் சிறைவாசிகளிடையே எச்.ஐ.வி. 1.93 விழுக்காடாக இருந்தது. அதே ஆண்டு நாட்டின் வயது வந்தோரிடையே மதிப்பிடப்பட்ட அளவு 0.21 விழுக்காடு. ஒன்பது மடங்கு வேறுபாடு இது. ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்போரிடையே அந்த அளவு 9 விழுக்காட்டைத் தொட்டது. இவ்விரு எண்களும் தொடர்பற்றவை அல்ல. போதைப்பொருள் பயன்படுத்துவதையே குற்றமாக்கி, பயன்படுத்துவோரைத் திரும்பத் திரும்பச் சிறைக்கு அனுப்புகிறது நம் சட்டம். விற்பனைச் சங்கிலியின் மேலே இருப்பவர் சிக்குவது அரிது. தெருமுனையில் ஊசியோடு நிற்பவர் சிக்குவது அன்றாடம்.

2023 ஏப்ரலில் உத்தராகண்டின் ஹல்த்வானி சிறையில் 44 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தபோது செய்தித்தாள்கள் அதிர்ந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன் உத்தரப் பிரதேசத்தின் தாஸ்னா சிறையிலும் இப்படியொரு செய்தி வெளியாயிற்று. இத்தகைய செய்திகள் ஒரு கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. தொற்றோடு உள்ளே வந்தவர் எத்தனை பேர்? உள்ளே வந்தபின் தொற்றியவர் எத்தனை பேர்? நுழையும்போது ஒருமுறை, இடையில் ஒருமுறை, விடுதலையின்போது ஒருமுறை, ஒப்புதலுடன் பரிசோதித்தால் மட்டுமே இதைப் பிரித்தறிய இயலும். பிரித்தறியப்படாதவரை பழி முழுவதும் சிறைவாசியின் ‘ஒழுக்கத்தின்’ மேல் விழும். சிறை நிர்வாகத்தின் பொறுப்பு பேசப்படாமலே போகும்.

பேசப்படாத ஹெபடைடிஸ் சி

எச்.ஐ.வி.யைப் பற்றியாவது செய்தி வருகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி அந்த அளவுகூடக் கவனம் பெறவில்லை. ‘லான்செட்’ இதழ் 2016இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வு, சிறைவாசிகளில் 3.8 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி.யும் 15.1 விழுக்காட்டினருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளமும் இருப்பதாக மதிப்பிட்டது. இரண்டுமே இரத்தத்தின் வழி பரவுபவை. ஆனால் ஹெபடைடிஸ் சி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் நாள்கணக்கில், ஊசிக்குழலுக்குள் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கவல்லது. பகிர்ந்துகொள்ளப்படும் ஊசி, சிறைக்குள் மறைவாகக் குத்தப்படும் பச்சை, பலருக்கும் ஒரே சவரக்கத்தி ஆகியவை அதன் பாதைகள். தொற்றியவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகளில் கல்லீரல் சுருங்கி இறுகும்போதுதான் தெரியும். மஞ்சள் காமாலை என்றோ, குடித்ததால் வந்தது என்றோ சொல்லிக் குடும்பம் அடக்கம் செய்துவிடும்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால், எச்.ஐ.வி.யைப் போலன்றி, இதை முற்றாகக் குணப்படுத்த முடியும். சோபோஸ்புவிர், டக்லாடாஸ்விர் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் உட்கொண்டால் போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இம்மருந்துகள் இலவசம். சற்று நினைத்துப் பார்ப்போம்: விசாரணைக் கைதியாகவே ஓராண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடப்போர் நம் சிறைகளில் ஏராளம். அக்காலத்தில் ஒருவரைக் கண்டறிந்து குணப்படுத்தி அனுப்ப 12 வாரமே போதும். அப்படியும் அவர் கல்லீரல் நோயோடே வெளியேறுகிறார் என்றால், அதை மருத்துவத்தின் எல்லை என்று நாம் ஏற்க முடியாது.

பரிசோதனை பற்றி ஒரு குறிப்பு. முதற்கட்டச் சோதனை உடலில் எதிர்ப்பொருள் உள்ளதா என்பதை மட்டுமே காட்டும். தொற்று தானாகவே நீங்கியவருக்கும், சிகிச்சையால் குணமானவருக்கும் அது ‘உண்டு’ என்றே வரும். வைரஸ் இன்னும் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். முதற்சோதனையோடு நிறுத்திவிட்டு ஒருவரை ‘நோயாளி’ என்று பதிவேட்டில் எழுதிவைப்பது மருத்துவமும் அல்ல, நியாயமும் அல்ல.

தனித் தட்டும் துடைப்பமும்

ஒரே பந்தியில் உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சியும் பரவுவதில்லை. இருந்தும் தொற்று உள்ளவரின் தட்டையும் படுக்கையையும் தனியே ஒதுக்குவது சிறைக்கு உள்ளும் வெளியும் தொடரும் வழக்கம். தனிக் குவளையின் வரலாறு தெரிந்த நமக்கு இது எங்கிருந்து வருகிறதென்று விளக்க வேண்டியதில்லை. கிருமியைப் பற்றிய அறியாமை மட்டுமன்று. தீட்டு என்ற பழைய கணக்குக்குப் புதிய மருத்துவப் பெயர் கிடைத்துவிடுகிறது.

சிறை அக்கணக்கை எழுத்திலேயே வைத்திருந்தது. சமையல் வேலை இன்னாருக்கு, துப்புரவு வேலை இன்னாருக்கு என்று பல மாநிலச் சிறைக் கையேடுகள் சாதியைச் சுட்டி விதித்திருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது; சிறைப் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியையும் அகற்றச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகச் சிறைவாசிகள் பிரித்து வைக்கப்பட்டிருந்ததும் அவ்வழக்கில் பேசப்பட்டது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்குள்ளும் பொருந்தும் என்று ஒன்றிய அரசு அந்த ஆண்டின் இறுதியில் மாதிரிக் கையேட்டைத் திருத்தியது.

இத்தீர்ப்பை நாம் பெரும்பாலும் கண்ணிய உரிமை குறித்ததாகவே வாசித்தோம். நோய்த்தொற்று குறித்ததாகவும் வாசிக்க வேண்டும். சிறையில் ஒளித்துவைத்த ஊசியும் உடைந்த பிளேடும் இரத்தம் தோய்ந்த துணியும் கடைசியில் சேருமிடம் குப்பைக்கூடையும் கழிவுநீர்க் கால்வாயும்தான். அங்கே வெறுங்கையை விடுபவர் யார்? துடைப்பம் சாதி பார்த்துக் கொடுக்கப்பட்டால் ஊசிக்குத்தும் சாதி பார்த்தே விழும். கையுறையும், தடித்த காலணியும், ஊசி குத்தியவருக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் சிறைத் துப்புரவுப் பணியில் இருப்போருக்குக் கிடைக்கிறதா என்று கேட்பது அத்தீர்ப்பின் இயல்பான தொடர்ச்சி.

ஆணுறை, ஊசி, அரசின் கூச்சம்

1994இல் தில்லித் திகார் சிறையில் ஆணுறை வழங்க மருத்துவர்கள் பரிந்துரைத்தபோது நிர்வாகம் மறுத்தது. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு காரணமாகக் காட்டப்பட்டது. அதை எதிர்த்து ஏ.பி.வி.ஏ. என்ற அமைப்பு நீதிமன்றம் சென்றது. வயது வந்தோரின் இசைவான உறவுக்கு அப்பிரிவு பொருந்தாது என்று 2018இல் தீர்ப்பு வந்துவிட்டது, கூச்சம் போகவில்லை. ஆணுறை கொடுத்தால் சிறைக்குள் பாலுறவு நடப்பதை ஒப்புக்கொண்டதாகும், ஊசி கொடுத்தால் போதைப்பொருள் நுழைவதை ஒப்புக்கொண்டதாகும் என்பதே அதிகாரிகளின் அச்சம்.

சுவிட்சர்லாந்தின் ஓபர்ஷோன்குரூன் சிறையில் 1992இலேயே ஒரு மருத்துவர் தூய ஊசிகளை வழங்கத் தொடங்கினார். ஸ்பெயினும் ஏழை நாடான மால்டோவாவும் 1990களிலேயே அவ்வழிக்கு வந்தன. நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை: போதை ஊசிக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் மாற்று மருந்து தரும் சிகிச்சையைத் திகார் சிறை 2008இல் தொடங்கியது. ஒரு சிறையில் முடிந்தது மற்றவற்றில் ஏன் முடியாது என்பதற்கு நிதி ஒரு விடையல்ல.

சட்டம் தருவது

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 நாம் கையில் வைத்திருக்கவேண்டிய ஆவணம். அரசின் காவலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தடுப்பு, ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை ஆகியவை உரிமை என்கிறது 31ஆம் பிரிவு. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவலில் உள்ளவர், இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இருக்கும் சிறார் என அனைவரும் இதில் அடங்குவர். ஒப்புதலின்றிப் பரிசோதிக்க 5ஆம் பிரிவு தடை. தொற்று உள்ளவரைத் தனிமைப்படுத்துவது பாகுபாடு என்று 3ஆம் பிரிவு. ஆணுறை, தூய ஊசி போன்ற அபாயக் குறைப்பு முயற்சிகளைக் குற்றமாகக் கொள்ளக்கூடாது என்று 22ஆம் பிரிவு. மேற்சொன்ன கூச்சத்துக்கு நாடாளுமன்றமே விடை சொல்லிவிட்டது. சிறைத்துறைக்குத்தான் அது எட்டவில்லை. ஹெபடைடிஸ் சிக்கு இத்தகைய தனிச் சட்டம் இல்லை. அங்கே வாழ்வுரிமை தரும் 21ஆம் உறுப்பையும், சிறைவாசிக்கும் வெளியிலுள்ளவருக்கும் ஒரே தரமான மருத்துவம் வேண்டும் என்னும் ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆம் விதியையும் முன்வைத்தே வாதாட வேண்டும்.

நடைமுறையில் மிகுந்த சேதம் கைதாகும் நாளிலும் விடுதலையாகும் நாளிலும் நிகழ்கிறது. ஏ.ஆர்.டி. மாத்திரை அன்றாடம் தவறாமல் உட்கொள்ள வேண்டியது. இடைவெளி விழுந்தால் வைரஸ் மருந்துக்கு அடங்காத வடிவம் எடுக்கலாம். கைதானவர் காவல் நிலையத்தில் தம் நோயைச் சொல்ல அஞ்சுவார். ஆகவே குடும்பமோ வழக்குரைஞரோ ஏ.ஆர்.டி. மையம் வழங்கிய சிகிச்சைப் புத்தகத்தின் நகலுடன் நீதித்துறை நடுவரிடம் தனியே மனு அளித்து, மருந்து தடையின்றிக் கிடைக்க எழுத்துமூல உத்தரவு கேட்கலாம். திறந்த நீதிமன்றத்தில் நோயின் பெயரை உரக்கச் சொல்லத் தேவையில்லை. அடையாளத்தை மறைத்து வழக்கு நடத்தவும் அச்சட்டம் வழிசெய்கிறது. ஜாமீனில் வெளிவருபவர் பெரும்பாலும் மாலையில், கையில் மருந்தின்றி, சிறை வாயிலில் விடப்படுகிறார். ஒரு மாத மருந்தும், ஊருக்கு அருகிலுள்ள மையத்துக்கு மாற்றுக் கடிதமும் விடுதலை ஆணையோடு தரப்பட வேண்டும்.

மீறல் நடந்தால், ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கவேண்டிய குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 30 நாள்களுக்குள் உத்தரவு. உயிருக்கு ஆபத்தான நிலை எனில் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள். கல்லூரி மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் தம் மாவட்டச் சிறைக்கு நான்கு கேள்விகளை அனுப்பலாம்: கடந்த ஆண்டில் எத்தனை பேருக்கு ஒப்புதலுடன் எச்.ஐ.வி. சோதனையும் ஹெபடைடிஸ் சி சோதனையும் செய்யப்பட்டன? ஆர்.என்.ஏ. சோதனை எத்தனை பேருக்கு? 12 வாரச் சிகிச்சையை முடித்தவர் எத்தனை பேர்? துப்புரவுப் பணிக்கு ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் விதி எது, அதன் நகல் எங்கே?