இலவச விசாவும் கள்ளத்தோணியும்

திருப்பரங்குன்றத்திலிருந்து திருமங்கலம் ரோட்டில் போனால் கப்பலூர் பக்கம் உச்சப்பட்டி. அங்கே ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. ஆனையூரிலும் திருவாதவூரிலும்கூட உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். அதாவது, பாட்டன் பூட்டன் காலத்தில் நம்ம பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். அப்படியிருக்க, இங்கே இவர்கள் எப்படி அந்நியர் ஆனார்கள்?

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அனுப்பி முடிக்க 15 வருஷம் ஆகும் என்று போட்டிருந்தார்கள். சரி, கப்பலேறும் நாள்வரை அந்த மனுஷர் எந்த உரிமையில் அங்கே இருப்பார்? ஒப்பந்தத்திலேயே பதில் இருக்கு. அதுவரை தங்கிக்கொள்ள இலவச விசா. வேலையில் இருந்தவர்கள், புறப்படும் நாள் அல்லது 55 வயது, இதில் எது முந்துகிறதோ அதுவரை வேலையில் தொடரலாம். காத்திருப்பதற்கும் ஒரு சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

1984-ல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது. இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு, அவர்கள் ஒரு அறிவிப்புக் கொடுத்தால் குடியுரிமை என்று இலங்கை 2003-ல் சட்டம் போட்டது. ஆனால் 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்கள் கதை வேறு. அங்கே இருந்தப்போ இவர்களைத் திட்டிய வார்த்தை 'கள்ளத்தோணி'. இங்கே வந்தபோது நிஜமாகவே தோணியில், கையில் காகிதம் இல்லாமல் வந்தார்கள். நம்ம சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறி'. எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தக் காலம் குடியுரிமைக்குக் கணக்கில் சேராது.

இந்தச் சிக்கல் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு வந்தது. 65 பேர் தொடர்ந்த வழக்கில், 2019 ஜூன் 17-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார்: இந்திய வம்சாவளியினரான இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு 16 வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் இன்னொரு உத்தரவு வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து அகதியாகப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இனி தண்டனை கிடையாது. பெரிய நிம்மதிதான். ஆனால் இது குடியுரிமை இல்லை. 1964 விசாக்காரருக்குத் தான் எந்த நாட்டுக்காரர் என்பது தெரியும், புறப்படும் நாள்தான் தெரியாது. முகாமில் இருப்பவர் இனி பயமில்லாமல் இருக்கலாம். எந்த நாட்டுக்காரர் என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.