மான் வேட்டையும் ஓக் கொட்டைக் கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கு அமெரிக்கக் காட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விளைச்சல் குறைந்தால் வரத்தும் குறையும் என்று முதல் வருடம் மனப்பாடம் செய்தேன். அது ஓர் இடத்தில் தலைகீழாக நடக்கிறது என்று படித்ததிலிருந்து தலைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது.

மேற்கு வர்ஜீனியா மாநிலம், அப்பலாச்சியன் மலைப்பகுதி. அங்கே காட்டு மரங்கள் சரியாகக் காய்க்காத வருடங்களில்தான் வில்வேட்டைக்காரர்கள் கூடுதலாக மான் அடிக்கிறார்கள். காரணம் ரொம்ப எளிது. ஓக் மரத்தடியில் கொட்டை கொட்டிக் கிடந்தால் மான் காட்டை விட்டு வெளியே வராது. தின்னும், அங்கேயே படுத்துக்கொள்ளும். கொட்டை இல்லாத வருடம் தீனி தேடி வயல், ஆப்பிள் தோப்பு, காட்டோரம் என்று அலையும், கண்ணில் படும், அடிபடும். கூடுவது மான் இல்லை, மான் வெளியே தெரிவதுதான். சந்தைக்கு வந்த சரக்கை வைத்துக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டால் எப்படித் தப்பாகுமோ, அப்படித்தான் இதுவும்.

அதனால் 1970களின் தொடக்கத்திலிருந்தே அந்த மாநில வனவிலங்குத் துறை வருடாவருடம் ஒரு காய்ப்புக் கணக்கு எடுக்கிறது. ஓக், பீச், ஹிக்கரி, வால்நட் போன்ற கொட்டைகள், காட்டுச் செர்ரி, காட்டுத் திராட்சை, ஆப்பிள், பிளாக்பெர்ரி போன்ற பழங்கள் எல்லாவற்றுக்கும் நிறைய, நடுத்தரம், சொற்பம் என்று குறிப்பார்கள். வேட்டைக்காலம் சூடுபிடிக்கும் முன் அறிக்கை வந்துவிடும். எந்த மலைச்சரிவில் போய் உட்காருவது என்று வேட்டைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

காய்ப்பு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? ஓக் பூக்கும் வசந்தத்தில் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், கதை முடிந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளை ஓக் வகையின் கொட்டை பூத்த வருடமே முற்றும். சிவப்பு ஓக் வகைக்கு இரண்டு வருடம் ஆகும். ஆக, இந்த வசந்தத்துப் பனியின் நஷ்டம் வெள்ளை ஓக் கணக்கில் இந்த வருடமும், சிவப்பு ஓக் கணக்கில் அடுத்த வருடமும் ஏறும். பனி இல்லாவிட்டாலும் ஓக் மரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், அப்புறம் ஓய்வெடுக்கும். நம்ம மாமரமும் ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் கையை விரிக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ஆனால் அந்தக் காடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. நூறு வருடத்துக்குச் சற்று முன்பு வரை அங்கே அமெரிக்க செஸ்ட்நட் என்ற மரம் கோலோச்சியது. சில மலைகளில் நாலு மரத்துக்கு ஒன்று அதுதான் என்பார்கள். அது ஜூன், ஜூலையில்தான் பூக்கும். அதற்குள் பனிக்காலம் முடிந்திருக்கும் என்பதால் அனேகமாக எல்லா வருடமும் காய்க்கும். ஓக் பங்குச்சந்தை என்றால் செஸ்ட்நட் நிரந்தர வைப்புநிதி! மலைவாசிகள் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டு அதைத் தின்னவைத்தே கொழுக்க வைத்தார்கள். பிள்ளைகள் கொட்டை பொறுக்கிக் கடையில் கொடுத்துக் காலணியும் மளிகையும் வாங்கினார்கள். மிச்சம் ரயிலேறிக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க், பிலடெல்பியா தெருக்களில் வறுத்து விற்கப்பட்டது. கையில் காசே புழங்காத குடும்பங்களுக்கு வருடத்தில் ஒருமுறை காசு பார்க்க அதுவே வழி.

1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் செஸ்ட்நட் மரங்கள் பட்டுப்போவதை ஹெர்மன் மெர்க்கல் என்ற வனப் பராமரிப்பாளர் கவனித்தார். ஆசியாவிலிருந்து இறக்குமதியான மரங்களோடு வந்த ஒரு பூஞ்சை அது. 1911இல் பென்சில்வேனியா மாநிலம் தனி ஆணையமே அமைத்துப் போராடிப் பார்த்தது. இரண்டே வருடத்தில் கையைத் தூக்கிவிட்டது. 1950க்குள் முன்னூறு, நானூறு கோடி மரங்கள் போய்விட்டதாகக் கணக்கு.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. நோய் வருகிறது என்றதும், செத்தால் விலை போகாது என்று நல்ல மரங்களையும் வெட்டி விற்றார்கள். ஒவ்வொரு நில உரிமையாளரும் தன் கணக்கில் செய்தது சரிதான், நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அந்த மரங்களில் நோயைத் தாங்கும் சக்தி உள்ளவை இருந்திருக்கலாம். அவையும் பலகையாகப் போயிருக்கும்.

செஸ்ட்நட் நின்ற இடத்தைப் பெரும்பாலும் ஓக்கும் ஹிக்கரியும் பிடித்தன. வட கரோலினா மலைக்காடு ஒன்றைப் பற்றிய ஆய்வில், நோய்க்குப் பின் மொத்தக் கொட்டை விளைச்சல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக மதிப்பிட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், நிலையான விளைச்சல் போய் ஏற்ற இறக்கம் வந்தது.

மான்களின் கதை இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. செஸ்ட்நட் செழித்திருந்த 1900 வாக்கில் கண்மூடித்தனமான வேட்டையால் நாடு முழுவதும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சம்கூடத் தேறாது என்ற நிலை. அந்த வருடம் வந்த லேசி சட்டம், திருட்டு வேட்டையில் அடித்ததை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுத்தது. 1937இல் வந்த இன்னொரு சட்டம் துப்பாக்கி, தோட்டா வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டது. மான்கள் கோடிக்கணக்கில் பெருகின. பந்தியில் ஆள் இல்லாதபோது சாப்பாடு இருந்தது, ஆள் வந்தபோது முக்கியமான பதார்த்தம் தீர்ந்திருந்தது :-)

பழைய மரத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி நிற்கவில்லை. கோதுமை மரபணு ஒன்றைச் சேர்த்து நியூயார்க்கில் 'டார்லிங் 58' என்ற ரகத்தை உருவாக்கினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை அதற்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. வளர்ச்சி சரியில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, இத்தனை நாள் சோதித்த கன்றுகள் 58 இல்லை, பெயர்ச்சீட்டு மாறிப்போன 'டார்லிங் 54' என்று தெரியவந்தது. உருவாக்கிய பல்கலைக்கழகம் அதைக் கைவிடவில்லை. பழைய மரங்களின் வேர்க்கட்டைகளோ இன்றும் காட்டில் துளிர்விடுகின்றன. கொஞ்சம் உயர்ந்து காய்க்கும் வயது வருவதற்குள் பெரும்பாலானவற்றைப் பூஞ்சை பிடித்துவிடுகிறது. முளைக்கும் துளிரை மானும் கடித்துவிட்டுப் போகிறது.